பழைய ஜீப்புக்கு ஸ்பேர் வேண்டுமா? பெயரைச் சொல்லாதீர்கள்... அளவைச் சொல்லுங்கள்!

மரவள்ளியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் காட்டுக்குப் போனேன். கொல்லிமலை அடிவாரம், காரவள்ளிக்கு இந்தப் பக்கம். ரோட்டில் இருந்து இறங்கி, ஒரு கல் ஓடையைத் தாண்டினால்தான் வயலுக்குப் போக முடியும். அறுபது வயதை நெருங்கும் விவசாயி, புளியமரத்தடியில் நின்ற பழைய ஜீப்பைக் காட்டினார்.

“பூச்சிய அப்பறம் பாத்துக்கலாங்க சார். மொதல்ல இந்த வண்டிக்கு ஒரு வழி சொல்லுங்க. பழைய இரும்புக்காரர் நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க.”

நடந்தது இதுதான். ஜீப்பின் பின்பக்க கிரவுன்-பினியன் பல் தேய்ந்துவிட்டது. கடைக்குப் போய், “ஐநூத்தி நாப்பது ஜீப்புக்கு பின்பக்க கிரவுன் கொடுங்க” என்று கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். மெக்கானிக் மாட்டினார். தார் ரோட்டில் இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு மரவள்ளி பிடுங்கினார்கள். டிரெய்லரில் கிழங்கை ஏற்றி, ஓடைக்கரையின் கல் மேட்டில் ஏற ஃபோர் வீல் லிவரைப் போட்டார். வண்டி இறுகியது. ஆக்சிலேட்டரை அழுத்தினார். ‘டொக்’கென்று ஒரு சத்தம், டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் உடைந்துவிட்டது.

பிடுங்கிய கிழங்கு காட்டிலேயே கிடந்தது. மரவள்ளி காத்திருக்காது என்பது சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளில் கிழங்குக்குள் நரம்பு கறுக்கும், மாவுச்சத்து இறங்கும், சேகோ ஆலையில் பாயிண்ட் குறையும். தேய்ந்த ஒரு பாகத்தில் ஆரம்பித்த செலவு, உடைந்த இன்னொரு பாகமாகி, கடைசியில் கிழங்கு விலையையும் தொட்டுவிட்டது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. மெக்கானிக்கும் தவறாக மாட்டவில்லை. கேட்ட விதத்தில்தான் கோளாறு. ‘ஐநூத்தி நாப்பது’ என்பது வண்டியின் பெயர். அந்த வண்டிக்குள் இன்று இருக்கும் கிரவுனுக்கு அது பெயர் அல்ல.

நான் மெக்கானிக் இல்லை, வேளாண்மை படித்தவன். ஆனால், வேலையில் பாதி நாட்கள் ஜீப்பில்தான் போயின. வண்டி நின்றால் வேலையும் நிற்கும் என்பதால் கற்றுக்கொண்ட விஷயங்கள் இவை. பழைய ஜீப், பழைய டிராக்டர், பவர் டில்லர் எது வைத்திருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

வண்டிக்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள்

நம் ஊர் ஜீப்களின் வம்சம் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பில் தொடங்குகிறது. 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் அவற்றைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவில் சி.ஜே.3பி மாடல் 1968-லேயே நின்றுவிட்டது. இந்தியாவில் அதற்குப் பிறகும் நீண்ட காலம் வந்துகொண்டிருந்தது. இத்தனை காலம் ஒரே வம்சத்தில் வண்டிகள் வந்ததால்தான், இன்றும் அவற்றுக்கு ஸ்பேர் கிடைக்கிறது.

சிக்கலும் அதே இடத்தில்தான். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஜீப்களுக்குள் வேறு வேறு இன்ஜின்கள் இருக்கும். ஆரம்பத்தில் பெட்ரோல் இன்ஜின். அடுத்து வந்த டீசல் ஜீப்களில், இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் இன்ஜின். 1980-களில் வந்த எம்.எம்.540-ல், பெஜோ வழி வந்த 2112 சி.சி. டீசல் இன்ஜின். பிறகு, எம்.டி.ஐ. எனப்படும் 2523 சி.சி. இன்ஜின். இதுவும் டிராக்டர் இன்ஜின் வழியில் வந்ததுதான்.

முப்பது ஆண்டுகளில் நான்கு கை மாறிய வண்டியில், கம்பெனி வைத்தது எது, பட்டறையில் மாற்றியது எது என்று யாருக்கும் தெரியாது. பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் வைத்திருப்பார்கள். கியர் பாக்ஸ் ஒரு வண்டியுடையது, ஆக்சில் இன்னொரு வண்டியுடையதாக இருக்கும். அதனால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் பெயரை மட்டும் நம்பி ஸ்பேர் வாங்கக் கூடாது.

ஒரு 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் சேஸிஸ் எண், இன்ஜின் எண். அடுத்து, டீசல் பம்பின் மேல் இருக்கும் சிறு தகட்டைத் துடைத்து அதில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ‘மைக்கோ பம்ப்’ என்று நாம் சொல்வதற்குப் பல ரகங்கள் உண்டு; தகட்டு எண் இருந்தால்தான் பம்ப் சர்வீஸ் செய்பவர் சரியான பாகம் போட முடியும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் கூடு ஆகியவற்றில் வார்ப்பிலேயே எழுத்துகளும் எண்களும் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை வண்டியைப் பிரிக்கும்போதும், உள்ளே இருந்து வந்த பாகத்தின் எண்ணையும் தேதியையும் இதே நோட்டில் எழுதுங்கள்.

பசு மாட்டுக்கு சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைக்கிறோம் இல்லையா? அதே பழக்கம்தான்.

பழைய பாகத்தின் மேலேயே விலாசம் இருக்கிறது

தேய்ந்த பாகத்தை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வருவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அதைக் கையோடு வாங்கி வாருங்கள். பெரும்பாலான பாகங்கள் ஜீப்புக்கென்றே செய்தவை அல்ல. அளவு ஒத்துப்போனால் எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்தும்.

பேரிங்: வளையத்தின் விளிம்பில் எண் வெட்டியிருக்கும். 6205 என்றால் உள் துளை 25 மி.மீ., வெளி விட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். 6206 என்றால் 30, 62, 16. இது தண்ணீர் மோட்டாரிலும் இருக்கும், ஜீப்பிலும் இருக்கலாம். கூம்பு வடிவ ரோலர் பேரிங்கில் உள் பகுதிக்கு ஓர் எண், வெளிக் கிண்ணத்துக்கு ஓர் எண் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆயில் சீல்: மூன்று அளவுகள்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். இந்த மூன்றும் தெரிந்தால் சீல் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். ஆனால், தேய்ந்து தளர்ந்த சீலின் உள் விட்டத்தை அளக்காதீர்கள். அது உட்காரும் ஷாஃப்டை அளந்து எழுதுங்கள்.

ஃபேன் பெல்ட்: பி-42 என்றால், ‘பி’ பெல்ட்டின் அகல ரகம்; 42 என்பது உள் சுற்றளவு, அங்குலத்தில்.

ஜாயின்ட் கிராஸ்: புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் இருப்பது. கிண்ணத்தின் விட்டம், ஒரு கிண்ணத்தின் முதுகில் இருந்து எதிர்க் கிண்ணத்தின் முதுகு வரை உள்ள நீளம், லாக் வளையம் வெளிப்பக்கமா உள்பக்கமா... இந்த மூன்றும் தேவை.

கிளட்ச் பிளேட்: விட்டம், நடுத்துளையில் உள்ள பல்லின் எண்ணிக்கை, ஷாஃப்டின் தடிமன். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஷாஃப்டின் தடிமன் மாறினால் ஏறாது.

இன்ஜின் பாகங்களில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 2523 சி.சி. எம்.டி.ஐ. வம்சத்து இன்ஜின் பழைய பொலேரோ டி.ஐ. வண்டிகளிலும் இருந்தது. அதனால், ஜீப்புக்கு இல்லை என்று சொல்லும் கடையில், பொலேரோவுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால், டர்போ உள்ளது, இல்லாதது என்று வித்தியாசம் உண்டு. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் எதுவானாலும் பழையதோடு வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பெஜோ வழி 2112 சி.சி. இன்ஜினுக்கு இது எதுவும் பொருந்தாது. அடையாளம் தெரிய ஒரு எளிய வழி: பெஜோ வழி இன்ஜினுக்குக் காலையில் கிளப்புவதற்கு முன் ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும், எம்.டி.ஐ. நேரடியாகக் கிளம்பும்.

49-ஆ, 54-ஆ? கிரவுன் கணக்கு

காரவள்ளி விவசாயிக்கு நேர்ந்ததற்கு வருவோம். பழைய ஜீப்களில் கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் உள்ள ரகம் உண்டு. 39 பல், 8 பல் உள்ள ரகமும் உண்டு. 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38, 39-ஐ வகுத்தால் 4.88. இரண்டுக்கும் சுமார் 10 சதவிகித வித்தியாசம். அவர் வண்டியில் முன்பக்கம் 43 பல். புதிதாக மாட்டிய பின்பக்கம் 39 பல்.

ஃபோர் வீல் போடாதவரை முன் ஆக்சில் சும்மா உருள்கிறது, வித்தியாசம் தெரியாது. லிவரைப் போட்டதும், முன் சக்கரம் 100 சுற்று சுற்றும் நேரத்தில் பின் சக்கரம் 110 சுற்று சுற்றியாக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். கல் தரையில் வழுக்க இடமில்லை. நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று ஓடினால், மற்றது நடந்தால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் மரம் முறியும். அந்த மரம்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

ஆக்சிலைப் பிரிக்காமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை முட்டுக் கொடுங்கள். கியர் நியூட்ரல், ஃபோர் வீல் லிவர் விடுபட்டிருக்க வேண்டும். பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும் என்பதால், அதையும் விட வேண்டும். அதனால்தான் கல் முட்டு அவசியம். சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தை 20 முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ஒருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். ஏறக்குறைய 49 வந்தால் 39/8; 54 வந்தால் 43/8. முன் சக்கரத்துக்கும் இதே கணக்குதான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அரை மணிதான்.

கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தம் போட்டு, சீக்கிரமே இரண்டும் போய்விடும். நான்கு டயரும் ஒரே அளவு என்பதும் முக்கியம். பின்னால் பெரிய டயர், முன்னால் தேய்ந்த சிறிய டயர் போட்டு ஃபோர் வீல் ஓட்டினாலும் இதே இறுக்கம்தான் வரும்.

எங்கே தேடுவது?

நாம் இருக்கும் இடம் இதற்குத் தோதான இடம். நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். சங்ககிரி லாரிகளின் ஊர். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். பேரிங், சீல், பெல்ட், பட்டா, புஷ், ரப்பர் ஹோஸ் ஆகியவற்றுக்கு இந்த ஊர்களைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. ஜீப் ஸ்பேர் கடை என்று தேடாமல், பேரிங் கடை, சீல் கடை, பட்டா பட்டறை என்று பிரித்துத் தேடுங்கள். மலைக்குச் சரக்கு ஏற்றும் ஜீப் டிரைவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பாகம் யாரிடம் நல்லதாகக் கிடைக்கும் என்று தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

ஜீப்புக்கே உரிய பாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால், கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை ஆகிய பழைய பாகங்களின் சந்தைகள் இருக்கின்றன. அதற்கும் மேல், டெல்லி காஷ்மீரி கேட், ஹரியானாவில் ஜீப் கட்டுவதற்குப் பெயர் பெற்ற மண்டி டப்வாலி போன்ற இடங்களில் இருந்து பார்சலில் வரவழைக்கிறவர்களும் உண்டு. தொலைவில் இருந்து வாங்கும்போது மூன்று விஷயங்கள்: பாகத்தை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், பல்லை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள்.

பழைய பாகம் வாங்கும்போது கியர் பல்லின் முனையை விரல் நகத்தால் தடவுங்கள். குழி குழியாக இருந்தால் வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்த வார்ப்புப் பாகத்தைச் சுரண்டிப் பாருங்கள். கீறலை மறைக்க அடித்த பெயின்டாக இருக்கலாம். பில் இல்லாமல் இன்ஜினையோ சேஸிஸையோ வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

லேத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கடையில் இல்லாத பாகத்தைச் செய்து தர நம் ஊரில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. கன் மெட்டல் புஷ், ஷேக்கிள் பின், ஸ்பேசர், சீல் உட்காரும் இடத்தில் தேய்ந்த ஷாஃப்டுக்கு ஸ்லீவ், பிரேக் டிரம்மைக் கடைவது ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். ஒன்று தேவைப்படும்போது இரண்டாகச் செய்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கூலி கொஞ்சம்தான் கூடும்.

ஆனால், ஸ்டீயரிங் ராட், அதன் பால் ஜாயின்ட், முன் ஆக்சிலின் நக்கிள், பிரேக் பாகங்கள் ஆகியவற்றை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். இவற்றுக்குப் புதிய பாகம், தரமான பாகம் மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மலைப்பாதையில் இறங்கும்போது எங்கள் ஜீப்பின் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. டிரைவர் அண்ணன் கியரைக் குறைத்து, மலைப் பக்கத்து மண் மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். பிரித்துப் பார்த்தால், பிரேக் ஆயில் குறைந்திருந்த நேரத்தில் யாரோ இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். ரப்பர் கப் ஊறிப் பருத்துக் கிழிந்திருந்தது. பழைய ஜீப்கள் பலவற்றில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான். ஓர் இடத்தில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். பிரேக் ஆயில் இருக்கும் இடத்தில் பிரேக் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள்.

வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

முன்பெல்லாம் அரசு ஜீப்கள் ஏலத்துக்கு வரும். ஒன்றை வாங்கி, ஸ்பேருக்காகவே நிறுத்தி வைப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவு கிடையாது; பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில்தான் அவற்றை உடைக்க வேண்டும். அதனால் அந்த வழி சுருங்கிவிட்டது. சொந்த வண்டிக்கு, 15 ஆண்டுக்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து, 5 ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் கூடியிருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அதையும் செலவில் சேர்த்துப் பாருங்கள்.

என் கணக்கு இது: சேஸிஸ் துருப்பிடிக்காமல் நேராக இருந்து, ஆர்.சி. உயிரோடு இருந்து, ஓடை, மேடு என்று வேறு வண்டி போகாத இடத்துக்கு நீங்கள் போக வேண்டியிருந்தால், மற்ற எதுவும் மாற்றக் கூடிய பாகம்தான். சேஸிஸ் துருவில் பிளந்திருந்தால், எத்தனை நல்ல இன்ஜின் இருந்தாலும் அதில் பணம் போடாதீர்கள். மனசு கேட்காது, ஆனால் ஓட்டை அண்டாவில் பால் ஊற்றிப் பயன் இல்லை.

இன்னொன்று, அவசரத்தில் ஸ்பேர் வாங்காதீர்கள். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால், பக்கத்துக் காட்டு டிராக்டரை இரண்டு நடைக்கு வாடகைக்குப் பிடியுங்கள். விளைச்சலை முதலில் காப்பாற்றுங்கள். வண்டியை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தப் புளியமரத்தடியில் நாங்கள் செய்ததும் அதுதான். கிழங்கு அன்று மாலையே டிராக்டரில் ரோட்டுக்குப் போனது. மறுநாள், சாக்பீஸும் ஜாக்கியுமாகச் சக்கரத்தைச் சுற்றினோம். முன்னால் 54, பின்னால் 49. அவருடைய மகன் நோட்டில் எழுதினான். தப்பான கிரவுனைக் கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். 43/8 ஜோடியும், டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரும் வந்து சேர ஒரு மாதம் ஆனது. பழைய இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை போனபோது ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. “இப்ப பூச்சியப் பாக்கலாங்களா சார்?” என்றார்.

வாசகர்கள் கேட்டவை

*பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் மாற்றி ஓட்டலாமா? (ராசிபுரம் வாசகர்)*

அனுமதி இல்லாமல் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

*ஃபோர் வீல் லிவர் போட்டால் எடுக்க வரவில்லை. கியர் பாக்ஸ் கோளாறா? (ஆத்தூர் வாசகர்)*

முதலில் நான்கு டயரின் அளவையும் காற்றையும் பாருங்கள். பிறகு மேலே சொன்ன 20 சுற்றுக் கணக்கைப் போடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, இறுகிய நிலையில் லிவர் வரவில்லை என்றால், வண்டியை நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்து, லிவரைத் தளர்த்திப் பாருங்கள். கெட்டியான ரோட்டில் ஃபோர் வீல் போடாமல் இருப்பதே நல்லது.

*ஆறு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? (பரமத்தி வேலூர் வாசகர்)*

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டீசல் டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே துரு பிடிக்காது. ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்து டயரைத் தரையில் இருந்து தூக்கிவிடுங்கள். எலி வயரைக் கடிக்கும். பக்கத்தில் தீவன மூட்டை வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை பேட்டரியை மாட்டிக் கிளப்பி, இன்ஜின் சூடாகும் வரை ஓடவிடுங்கள்.